உறங்கக் கூடாத வீடு

மார்ச் 3

வாடகைதாரருக்கு,

நேற்று பகல் 12.10, 12.25, 12.40 ஆகிய மூன்று முறை உங்கள் எண்ணுக்குப் பேசினேன். முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்து, "எனக்குக் கடனும் வேணாம் ஒண்ணும் வேணாம், வச்சுட்டுப் போய்யா" என்று சொல்லித் துண்டித்துவிட்டீர்கள். நான் கடன் விற்கிறவள் அல்ல. நீங்கள் இரண்டு மாதமாகக் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர். ஐம்பத்து நான்கு வயதில் என்னை யாரும் இதுவரை 'போய்யா' என்று சொன்னதில்லை.

விஷயம் இதுதான். கீழ்வீட்டுக்காரர் தன் குளியலறைக் கூரையில் ஈரக்கறை படர்வதாக எனக்கு எழுதியிருக்கிறார். அதற்கு நேர் மேலே இருப்பது உங்கள் குளியலறை. வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டுகிறீர்களா? குழாய் எங்காவது உடைந்திருக்கிறதா? பார்த்து எழுதவும். நேரில் வந்து பார்க்க எனக்கு வழியில்லை. ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் தள்ளி இருக்கிறேன். மருத்துவமனையில் ஆள் பற்றாக்குறை. என் வார்டில் மற்றவர்களின் விடுப்பில் கையெழுத்துப் போடுவது நான்தான், எனக்கு மட்டும் விடுப்புக் கிடையாது.

இனி ஃபோன் வேண்டாம். நம் ஒப்பந்தத்தின் பதினொன்றாம் விதிப்படி முறையீடுகள் எழுத்து மூலம் மட்டுமே. ஏழு நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இப்படிக்கு,
உரிமையாளர்


மார்ச் 8

மரியாதைக்குரிய வீட்டுக்காரம்மாவுக்கு,

முதலில் மன்னிப்பு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. என் மனைவி அதை இரண்டு தடவை சத்தம் போட்டு வாசித்துக் காட்டினாள், 'போய்யா' வரும் இடத்தில் கொஞ்சம் அழுத்தியே வாசித்தாள்.

என் வேலை அப்படி. பேக்கரியில் மாவு பிசைவதும் அடுப்பைப் பார்ப்பதும் என் பொறுப்பு. ஊர் காலையில் பன் தின்ன வேண்டுமென்றால் நான் இரண்டு மணிக்கே மாவில் கை வைக்க வேண்டும். பத்தரைக்கு வீடு வந்து, குளித்து, பதினொன்றுக்குப் படுத்தால் நாலு மணிக்கு எழுந்திருப்பேன். உங்களுக்குப் பகல் பன்னிரண்டு என்றால் எனக்கு நடுச்சாமம். அந்த நேரத்தில் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் கடன் வேண்டுமா என்றுதான் கேட்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் வாய் தவறிவிட்டது.

கறையைக் கீழே போய்ப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கிறது. குழாய் எதுவும் உடையவில்லை, நாங்களும் வாளி வாளியாகக் கொட்டவில்லை. இருப்பது மூன்று பேர், அதில் என் மகள் இரண்டாம் வகுப்பு. அவள் குளிக்க மாட்டேன் என்று ஓடுகிறவள்.

கீழ்வீட்டு சார் அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். எழுத்தைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பதினொன்றாம் விதி என்று நீங்கள் எழுதியிருந்ததால் ஒப்பந்தத்தை எடுத்துப் போய் அவரிடம் காட்டினேன். நான் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவன். அவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்துவிட்டு, "தம்பி, இது வீட்டு ஒப்பந்தம் இல்ல, குடோன் ஒப்பந்தம்" என்றார்.

ஆறாம் விதி, இடத்தில் அடுப்பு மூட்டக் கூடாது. ஒன்பதாம் விதி, சரக்குகளைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில் அடுக்க வேண்டும். நான்காம் விதிதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது: 'வாடகைதாரர் மேற்படி இடத்தில் இரவிலோ பகலிலோ உறங்கக் கூடாது.' இரண்டு மாதமாகத் தினமும் ஐந்து மணி நேரம் உங்கள் விதியை மீறிக்கொண்டிருக்கிறேன். மனைவி இரவில் மீறுகிறாள். என்ன செய்யட்டும் என்று எழுதவும்.

இப்படிக்கு,
மேல்வீட்டுச் சரக்கு


மார்ச் 14

வாடகைதாரருக்கு,

ஒப்பந்தப் படிவத்தை மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் கடையில், இரண்டு ஷிஃப்ட்டுகளுக்கு நடுவே கிடைத்த பதினைந்து நிமிடத்தில் வாங்கினேன். 'வாடகை ஒப்பந்தம்' என்று தலைப்பு இருந்தது. மேலே படிக்கவில்லை. மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி தவறினால் கண்டுபிடிக்கிறவள் இதில் கோட்டை விட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நீங்கள் உறங்கலாம். அடுப்பும் மூட்டலாம். அடுத்த வருடம் வேறு படிவம் வாங்குகிறேன்.

இனி கறை. 'சாப்பாட்டுத் தட்டு அளவு' என்பது ஒரு குறிப்பு ஆகாது. யார் வீட்டுத் தட்டு? அட்டவணை ஒன்று இணைத்திருக்கிறேன். தினமும் காலை ஆறு, பத்து, மாலை ஐந்து, இரவு எட்டு என நான்கு முறை நிரப்ப வேண்டும். கறையின் அகலம், நிறம், தொட்டால் ஈரமா, சொட்டுகிறதா, அதற்கு முந்தைய மணி நேரத்தில் மேலே யார் குளித்தார்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் கீழ்வீட்டு ஐயா எழுதினால் உதவியாக இருக்கும்.

தரகர் மூலம் கொத்தனார் ஒருவரைப் பிடித்து அனுப்பினேன். வந்து அரை மணி நேரம் கதவைத் தட்டிவிட்டு, 'ஆள் இல்லை' என்று திரும்பிப் போயிருக்கிறார். நீங்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்திருப்பீர்கள். இவ்வளவு தொலைவிலிருந்து ஒரு கொத்தனாரைக் கிளப்புவது எவ்வளவு பாடு என்பது உங்களுக்குத் தெரியாது. அடுத்த முறை மாலை நான்கு மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்


மார்ச் 25

வீட்டுக்காரம்மாவுக்கு,

பத்து நாள் அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். கீழ்வீட்டு சார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார். கோபமாக இருந்த மனிதர்தான், கையில் அட்டவணையைக் கொடுத்ததும் ஆளே மாறிவிட்டார். ஸ்கேல் வைத்து அளக்கிறார். உங்கள் அட்டவணையில் 'ஈரபதம்' என்று இருந்ததை 'ஈரப்பதம்' என்று திருத்தியிருப்பதைப் பார்ப்பீர்கள், தவறாக நினைக்க வேண்டாம்.

கறை ஒன்பது அங்குலத்திலிருந்து பதின்மூன்றுக்கு வந்துவிட்டது. சொட்டும் ஆரம்பித்திருக்கிறது. நாங்கள் குளித்து ஒரு மணி நேரத்தில் சொட்டுகிறது, அதனால் தண்ணீர் எங்களுடையதுதான். அதை மறைக்க எனக்கு மனமில்லை.

கொத்தனார் வந்தார். இரண்டு நிமிடம் பார்த்தார். தரை முழுக்க ஓதம் ஏறிவிட்டது, டைல்ஸ் அத்தனையையும் பெயர்த்து, குழாய் எல்லாம் மாற்றி, கீழ்வீட்டுக் கூரையையும் பூச வேண்டும், பதினைந்து நாள் வேலை என்றார். அவர் சொன்ன தொகை எங்கள் எட்டு மாத வாடகை. தரகரிடமும் சொல்லிவிட்டாராம், உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். எதையும் தட்டிப் பார்க்காமல், குனிந்துகூடப் பார்க்காமல் அவர் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் நான் மாவு பிசைகிறவன், கட்டடம் எனக்கென்ன தெரியும்.

இப்படிக்கு,
மேல்வீட்டுக்காரன்


ஏப்ரல் 2

வாடகைதாரருக்கு,

இதை எழுத மூன்று நாட்கள் எடுத்துக்கொண்டேன்.

வீட்டை விற்க முடிவு செய்திருக்கிறேன். என் தங்கையின் கணவர் வாங்குவதற்கு ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறார். வாங்குகிறவர் தானே இடித்துச் சரி செய்துகொள்வாராம், ஆனால் வீடு காலியாக இருக்க வேண்டும் என்கிறார். பதினான்காம் விதிப்படி முப்பது நாள் அறிவிப்பு இது. மே 2-க்குள் காலி செய்யவும். முன்பணம் முழுதாகத் திரும்பி வரும், கறைக்காக எதையும் பிடிக்க மாட்டேன்.

காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். முப்பது வருடமாக நர்ஸ் குடியிருப்பில் இருக்கிறேன். ஓர் அறை, ஒரு கட்டில், சுவரில் ஆணி அடிக்க அனுமதிக் கடிதம். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம். அன்றைக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த வீட்டை வாங்கினேன். வரும் வாடகை வீட்டுக் கடனை அடைக்கும், கடன் முடியும்போது நான் வந்து சேருவேன் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கில் கொத்தனார் இல்லை. எட்டு மாத வாடகையைப் புரட்ட என்னிடம் வழியில்லை, வாடகை இல்லாமல் கடன் கட்டவும் வழியில்லை.

வீட்டை வைத்துக் காப்பாற்ற எனக்குச் சாமர்த்தியம் போதாது என்று தங்கை வீட்டுக்காரர், நான் இதை வாங்கின நாளிலிருந்தே சொல்லிவருகிறார். அவர் சொன்னதுதான் சரி போலிருக்கிறது.

இப்படிக்கு,
உரிமையாளர்


ஏப்ரல் 7

வீட்டுக்காரம்மாவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

மூன்று வருடத்தில் இது எங்களுக்கு நான்காவது வீடு. முதல் வீட்டில் பக்கத்தில் பட்டறை. இரண்டாவதில் மாடியில் நாள் முழுக்க நடன வகுப்பு. மூன்றாவதில் பகலில் தூங்குகிற ஆண்பிள்ளையைப் பார்த்தால் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மகளுக்குப் பள்ளி மாறியது. இந்த வீட்டில்தான் நான் பகலில் அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறேன். பின்பக்க அறைக்குத் தெருச் சத்தம் வருவதில்லை. சன்னலுக்கு எதிரே வெறும் சுவர், வெயிலும் வராது. எல்லாரும் குறை என்று சொல்லக்கூடிய அறை எனக்கென்றே கட்டினது போல அமைந்திருக்கிறது.

என் மனைவி தையல் கம்பெனியில் இருக்கிறாள், பத்துப் பேரை மேய்க்கிறவள். அவள் சொன்னாள்: "அது குடோன் பத்திரம். செல்லவே செல்லாது. நாம நகர வேண்டாம், அவங்க என்ன செய்வாங்கன்னு பார்க்கலாம்." கீழ்வீட்டு சாரைக் கேட்டால், அது உண்மைதான், வழக்கென்று போனால் இழுக்கலாம் என்றார்.

நான் அதைச் செய்யப் போவதில்லை. அவசரத்தில் தப்பான தாளை வாங்கிவிட்ட ஒருவரை அந்தத் தாளாலேயே அடிக்க எனக்கு மனம் வரவில்லை. போ என்றால் போய்விடுவோம்.

ஆனால் ஒன்று. நீங்கள் வீடு வாங்க வந்த அன்று மொத்தம் நாற்பது நிமிடம் இங்கே இருந்தீர்கள் என்று தரகர் சொன்னார். கொத்தனார் இரண்டு நிமிடம். நாற்பது நிமிடம் பார்த்த வீட்டை, இரண்டு நிமிடம் பார்த்தவர் பேச்சைக் கேட்டு விற்கிறீர்கள். நோயாளியை இப்படித்தான் அனுப்பி வைப்பீர்களா?

எனக்குப் பத்து நாள் கொடுங்கள். பேக்கரியில் கேக்குக்குப் போடுகிற கலர் இருக்கிறது. ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு நிறத்தை ஊற்றிப் பார்க்கிறேன். கீழே எந்த நிறம் வருகிறதோ, அதுதான் ஓட்டை. முன்பு எங்கள் பேக்கரியில் தரை ஒழுகியபோது முதலாளி இப்படித்தான் கண்டுபிடித்தார். சாரிடம் கேட்டேன், தன் கூரை எந்த நிறமானாலும் பரவாயில்லை, காரணம் தெரிந்தால் போதும் என்கிறார்.

இப்படிக்கு,
மேல்வீட்டுக்காரன்


ஏப்ரல் 11

வாடகைதாரருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். நோயாளியைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

பத்து நாள் தந்தேன். தங்கை வீட்டுக்காரரிடம் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை, அவர் பழம் வாங்கி அனுப்பிவிட்டார்.

குறிப்புகள்: ஒரு நேரத்தில் ஒரு நிறம் மட்டும். இரண்டு நிறங்களுக்கு நடுவே இரண்டு நாள் இடைவெளி. நிறத்தோடு நேரத்தையும் எழுதவும். குழந்தையின் கைக்கு எட்டாமல் வைக்கவும். உண்ணத்தக்க நிறம்தானா என்று புட்டியில் பார்த்து உறுதி செய்யவும்.

உரிமையாளர்


ஏப்ரல் 20

அக்கா,

இப்படிக் கூப்பிடலாமா என்று கேட்டு எழுதினால் பதிலுக்கு ஏழு நாள் ஆகும். அதனால் கூப்பிட்டுவிட்டேன்.

வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் வரிசையைப் பார்க்கிறவர். முதலில் சிவப்பு. குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்குகிற ஜாலியைத் துணியும் பிளாஸ்டிக்குமாக அடைத்து, தரை முழுக்க இரண்டு அங்குலம் சிவப்புத் தண்ணீரைத் தேக்கி வைத்தோம். என் மகள் அதைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாகக் குளிக்கிறேன் என்று அடம்பிடித்தாள். சாயங்காலம் வாளியில் முகந்து வெளியே கொண்டுபோய் ஊற்றினேன், ஜாலியில் ஒரு சொட்டும் விடவில்லை. இரண்டு நாள் ஆகியும் கீழே சிவப்பு வரவில்லை. அப்படியென்றால் கொத்தனார் பெயர்க்கச் சொன்ன டைல்ஸில் குற்றமே இல்லை. அடுத்து மஞ்சள், கை கழுவும் தொட்டியில். அதுவும் வரவில்லை. குழாய் எல்லாம் மாற்ற வேண்டும் என்று கொத்தனார் சொன்னதாவது உண்மையோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மனைவி பாத்திரங்களைக் கட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாவது பச்சை. அதை நேராக ஜாலிக்குள் ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்தேன். பன்னிரண்டரை இருக்கும், கதவை யாரோ உடைக்கிறார்கள். எழுந்து திறந்தால் சார், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். முடியெல்லாம் பச்சைப் புள்ளி. "வந்துடுச்சு தம்பி, பச்சை வந்துடுச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் யார் எழுப்பினாலும் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு வரவில்லை.

ஆக, ஜாலிக்குக் கீழே குழாய் சேருகிற இணைப்பு ஒன்று மட்டும்தான் ஓட்டை. வேறு கொத்தனாரைப் பிடித்தோம், சாரின் பழைய அச்சகத்தைக் கட்டினவர். நாலே நாலு டைலைப் பெயர்த்தார், இணைப்பு விரிந்து கிடந்தது, மாற்றினார். அரை நாள் வேலை. கூலியும் பொருளும் சேர்த்து எங்கள் ஒரு வார வாடகைகூட ஆகவில்லை. ரசீதைச் சார் சரிபார்த்து இத்துடன் வைத்திருக்கிறார். பழைய டைல் மாதிரி இப்போது எங்கும் கிடைப்பதில்லை, அதனால் அந்த நாலு இடத்துக்கு வேறு நிறம் போட வேண்டி வந்தது. மனைவி பச்சை வாங்கினாள்.

இரண்டு நாளாகக் கூரை காய்ந்துகொண்டு வருகிறது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வீடு உங்களுடையது. விற்பதானால் மே 2-ஆம் தேதி சாவியைச் சாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம். விற்காமல் இருந்தால் எங்களுக்குச் சந்தோஷம். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்படிக்கு,
தம்பி


ஏப்ரல் 26

அன்புள்ள வாடகைதாரருக்கு,

வீடு விற்பனைக்கு இல்லை. ஏப்ரல் 2-ஆம் தேதி அறிவிப்பை ரத்து செய்கிறேன். தங்கை வீட்டுக்காரரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். இன்றைக்கு ஜாலி, நாளைக்குத் தொட்டி, பின்னாலேயே மோட்டார் என்று வந்துகொண்டே இருக்கும், எத்தனை நாளைக்குத் தாங்குவீர்கள் என்றார். வரும்தான். வந்தால் அட்டவணை போட்டுப் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். 'கொள்கிறேன்' என்று சொல்ல நினைத்தேன், 'கொள்கிறோம்' என்று வந்துவிட்டது. வாடகையில் ஒரு பங்கை மாதாமாதம் தனியாக எடுத்து வைக்கவும் ஆரம்பித்திருக்கிறேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை வார்டில் உட்கார்ந்து படித்தேன். பச்சைப் புள்ளி இடத்தில் சிரித்துவிட்டேன். நான் சிரிப்பதைப் பார்த்து இளைய நர்ஸ்கள் பயந்துபோனார்கள்.

புதிய ஒப்பந்தம் இணைத்திருக்கிறேன். இந்த முறை படிவம் வாங்கவில்லை, கையால் எழுதினேன். நான்காம் விதியைத் தயவுசெய்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடவும்: 'வாடகைதாரர் மேற்படி வீட்டில் இரவிலும் பகலிலும் உறங்கலாம். பகல் பதினொன்று முதல் நான்கு வரை உரிமையாளரோ, அவர் அனுப்பும் ஆட்களோ கதவைத் தட்டக் கூடாது.' பதினான்காம் விதியில் முப்பது நாளை நூற்றெண்பது ஆக்கியிருக்கிறேன்.

மே மாதம் மூன்று நாள் விடுப்புக் கிடைத்திருக்கிறது. வந்து வீட்டைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பக்கத்தில் தங்கும் விடுதி ஏதாவது இருந்தால் எழுதவும்.

இப்படிக்கு,
வீட்டுக்காரம்மா


மே 2

அக்கா,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். வரிக்கு வரி படித்தேன். சாரும் படித்தார், பிழை எதுவும் இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கடைசியில் நாங்கள் ஒரு விதி சேர்த்திருக்கிறோம், பார்க்கவும். என் மனைவியின் கையெழுத்து அது. 'பதினைந்தாம் விதி: உரிமையாளரும் மேற்படி வீட்டில் உறங்க வேண்டும். விடுதிக்குப் போகக் கூடாது.' பின்பக்க அறை உங்களுக்கு. ராத்திரி எப்படியும் நான் பேக்கரி அடுப்படியில் இருப்பேன், அது காலியாகத்தான் கிடக்கும்.

சம்மதமானால் ஓரத்தில் கையெழுத்துப் போடவும்.

தம்பி


மே 23

வாடகைதாரருக்கு,

நல்லபடியாகக் குடியிருப்புக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். உன் மகள் கொடுத்த பச்சைப் பேனாவால்தான் எழுதுகிறேன்.

வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததற்கான குறிப்பு. கூரை: உலர்ந்தது. கறை: வெள்ளையடித்தபின் இல்லை. புதிய டைல்ஸ் நான்கு: பொருந்தவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

உறக்கம்: முதல் இரவு ஒன்பதரை மணி நேரம். முப்பது வருடமாக நான் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. குடியிருப்பில் யாராவது ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், தட்டாவிட்டாலும் தட்டுவது போல விழிப்பு வரும். காலையில் எழுந்ததும் எந்த ஊர் என்று புரியவில்லை. பிறகு எதிரே அந்த வெறும் சுவரைப் பார்த்தேன், இது என் வீடு என்று எனக்கு நானே ஒரு தடவை சொல்லிக்கொண்டேன். உன் மனைவி கதவருகில் நின்றதை நான் கவனிக்கவில்லை. அவள் எதுவும் கேட்காமல் போய்விட்டாள், அதற்கு நன்றி சொல்.

இப்போது முறையீடு. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. நிமிடத்துக்குப் பதினாறு சொட்டு, எண்ணிப் பார்த்தேன். வாஷர் தேய்ந்திருக்கும். நிறம் எதுவும் ஊற்ற வேண்டாம்.

பதினொன்றாம் விதிப்படி ஏழு நாட்களுக்குள் பதில் எழுதவும், தம்பி.

இப்படிக்கு,
அக்கா